ஹார்பர் நைன் இரண்டாம் பாகம் வந்துவிட்டது, அம்மா

சுடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்கப்போகும் என் செல்ல அம்மாவுக்கு,

நீ காத்துக்கொண்டிருந்த கேம் வந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்றாக இல்லை. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. ஆனால் அதைச் சொல்வதற்கு மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தக் கேமால் அப்பாவையும் இழந்துவிட்டேன் என்று ஒரு நாள் காலையில் நிஜமாகவே நினைத்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் பள்ளி வேன் ஓட்டிய, ஞாயிறு பூசை தவறாத ஓர் அம்மா, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவாள் என்றால் யார் நம்புவார்கள்? கோயில் லக்கி டிராவில் ரைஸ் குக்கர் விழவேண்டும் என்று நீ வேண்டிக்கொண்டாய். விழுந்தது கேம் பெட்டி. "வித்துடு ரெஜினா" என்றார் அப்பா. "இருங்க, உள்ள என்னதான் இருக்குன்னு பார்ப்போம்" என்றாய் நீ.

பெட்டியோடு வந்த கேம் 'ஹார்பர் நைன்'. கைவிடப்பட்ட ஒரு துறைமுகம், அதைப் பிடித்துக்கொண்ட இயந்திரக் காவலாளிகள், உள்ளே மாட்டிக்கொண்ட மாலுமிகள். ஒன்பது துறைகளையும் மீட்டு அவர்களைக் கப்பலேற்ற வேண்டும். பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு, மறுபடி அழைத்துவரப் போகும்வரை இருக்கும் நேரத்தில் நீ அந்தத் துறைமுகத்துக்குள் இறங்கினாய். பிறகு ஏறவே இல்லை.

மற்றவர்கள் ஓடி ஓடிச் சுட்டுச் சாவார்கள். நீ ஸ்னைப்பர் துப்பாக்கியோடு தண்ணீர்த் தொட்டிமேல் படுத்துக்கொண்டு காத்திருப்பாய். வேன் கண்ணாடியைப் பார்க்கிற பழக்கத்தில் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பாய். தலையைத் தூக்காதே என்று ரேடியோவில் ஒரு பெண் ஆங்கிலத்தில் எச்சரிப்பாள். "படுத்துட்டுத்தான்மா இருக்கேன், நீ பதறாத" என்று அவளுக்குத் தமிழில் பதில் சொல்வாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் திரையைப் பார்த்ததே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்த அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டாய். அவர்கள் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். நீ திட்டிக்கொண்டே காத்திருந்தாய். அப்புறம் அந்த நாள் வந்தது. கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டு, வேனைக் கார்ப்பார்க்கில் கோடு தாண்டாமல் நிறுத்தி, இஞ்சினையும் அணைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாய். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அப்பா உனக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்திருக்கிறார். நீ எடுக்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

உன் ஃபோனை அவர் இன்னும் தினமும் சார்ஜ் செய்கிறார். தெரியுமா உனக்கு? வருட நினைவுப் பூசை முடிந்து சில வாரங்களில் அந்த ஃபோனுக்குத்தான் செய்தி வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, அம்மாவுக்கு மெசேஜ் வந்திருக்கு மா. அவளோட கேம் ரெடியாம். டவுன்லோட் பண்ணிக்கலாமாம்."

"என்ன பண்ணலாம்ங்கிறீங்க ப்பா?"

"என்ன பண்றதா? அவ ஆசைப்பட்டு வாங்கி வச்சதுல்ல. சனிக்கிழமை வா லா, போட்டுப் பார்ப்போம்."

நான் குடியிருக்கும் சுவா சூ காங்கிலிருந்து பாசிர் ரிஸ் எவ்வளவு தூரம் என்று நீதான் அலுத்துக்கொள்வாய். அவ்வளவு தூரமும் ரயிலில் அந்தக் கேமைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒருவர்கூட நல்லதாக எழுதவில்லை. முதல் பாகத்தை நேசித்தவர்கள் இதைத் தொடாமலிருப்பதே மேல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவிடம் சொல்லலாமா? சொன்னால் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் தானாகவே தெரிந்து வாடப்போகிறது. ரயில் நின்று கதவு திறந்தபோதும் எனக்கு ஒரு முடிவு வரவில்லை.

கதவைத் திறந்த அப்பா முகச்சவரம் செய்திருந்தார். பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

பெட்டியில் இடம் இல்லை, எதையாவது அழித்தால்தான் புதியது இறங்கும் என்றது திரை. நான் அடுக்களையில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அப்பா பழைய கேமை அழித்துவிட்டார். "புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

புதிய கேமைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஹார்பர் என்று பெயர், ஆனால் கடலே இல்லை. துறைகள் இருந்த இடத்தில் ஒரு பாலைவன நகரம். இயந்திரங்கள் எத்தனை குண்டு வாங்கினாலும் விழாமல் நிற்கின்றன. உன் ஸ்னைப்பர் நீளமாக இருக்கிறதே தவிர, குறி வைத்தால் குடிகாரன் கை போல ஆடுகிறது. ரேடியோப் பெண்ணை மாற்றிவிட்டார்கள். இப்போது வருவது ரயில் நிலைய அறிவிப்பு போன்ற ஒரு குரல். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் இந்தத் தொப்பியை வாங்கு, அந்த மேலங்கியை வாங்கு என்று விளம்பரம் வேறு. போதாததற்கு, முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்துதான் ஆடவேண்டும். தனியாக ஆட வழியே வைக்கவில்லை.

அப்பா கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடலக் காணோமே மா?"

"அடுத்த கட்டத்துல வரும்போல ப்பா" என்றேன். வராது என்று படித்திருந்தேன்.

அன்றைக்கு அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. தானே ஆட ஆரம்பித்தார். உன் சேவியர், அம்மா! மைக்ரோவேவைத் தொடக்கூட உன்னைக் கூப்பிட்ட மனிதர். நான் ஃபோன் செய்தால், "பிறகு பேசறேன் மா, சண்டையில இருக்கேன்" என்பார். முதல் சில நாள்கள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ போன பிறகு அவர் எதிலும் ஒட்டாமல் இருந்தாரே, இதிலாவது மனம் பதிகிறதே என்று பார்த்தேன்.

அடுத்த முறை போனபோது பயம் வந்துவிட்டது. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று இருந்தது. மேசையில் காலை வாங்கிய ரொட்டி பிரிக்காமல் கிடந்தது. கண் சிவந்து, பெருவிரல் வீங்கியிருந்தது. திரையில் யாரோ ஒருவன் அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான், உனக்கெல்லாம் எதற்கு இந்தக் கேம் என்று. அப்பா மறுபடி எழுந்து, மறுபடி ஓடி, மறுபடி செத்தார்.

"ஏன் ப்பா இப்படிக் கஷ்டப்படுறீங்க? நல்லாவே இல்லையே இந்தக் கேமு. எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க."

"நல்லா இல்லதான்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "ஆனா எங்கேயாவது ஒரு இடத்துல நல்லா ஆகும்ல? இவ்ளோ நாள் காத்துக்கிட்டு இருந்தாளே. சும்மாவா காத்துக்கிட்டு இருந்திருப்பா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், அம்மா? உன்னிடம் பதில் இருந்ததா?

ஊசி ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். போடுகிறேன் என்றார். அது உண்மைதான். நீ பழக்கிய பழக்கம், காலை இன்சுலின் ஊசியை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. ஊசிக்குப் பிறகு சாப்பிடுகிறீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நீ இருந்தவரை சாப்பாட்டை அவர் முன்னால் வைத்தது நீதானே?

அப்புறம் அந்த வியாழக்கிழமை. தீவின் மேற்குக் கோடியில், துவாஸில் வேலையிடத்தில் இருந்தேன். வழக்கம்போல முதல் இடைவேளையில் அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கேமில் இருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்போது உன் வேன் ஞாபகம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசரிடம் சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை, "எங்கப்பா" என்றேன், அவரே போகச் சொன்னார்.

டாக்சியில் ஏறி பாசிர் ரிஸ் என்றேன். வழியெல்லாம் என் மனம் வீட்டுக்குள் புகுந்து தேடிக்கொண்டிருந்தது. குளியலறைத் தரையில் தேடியது. சோபாவில் தேடியது. அதற்கிடையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. மோசடிக்காரர்கள் என்று துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது தடவை கோபத்தில் திட்டுவதற்காகத்தான் எடுத்தேன்.

"ஸ்டெல்லாங்களா? நான் தேக்கா மார்க்கெட்லருந்து பேசறேன் மா, தே, காப்பி விக்கிற தண்ணிக் கடை வச்சிருக்கேன். உங்க அப்பா இங்க உக்காந்திருக்காரு. ரொம்ப வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. பர்ஸுல ஒரு அட்ட இருந்துச்சு, சக்கர வியாதின்னு போட்டு உங்க நம்பர் எழுதியிருந்துச்சு. பயப்படாதீங்க, தே குடுத்திருக்கேன். சீனி நெறய போட்டுக் குடுத்திருக்கேன்."

அந்த அட்டையை அவர் பர்ஸில் வைத்தது யார் என்று உனக்குத் தெரியும். நான் பார்த்துவிட்டேன், உன் எழுத்துதான்.

டாக்சி திரும்பியது. தேக்காவில் சாப்பாட்டுக் கடைகளின் கூட்டத்துக்குள் ஓடியபோது, எல்லா வெள்ளைத் தலையும் அப்பா தலையாகத் தெரிந்தது. அவர் ஒரு மேசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் உன் மார்க்கெட் பை. பைக்குள் கேம் பெட்டி, வயர்களோடு. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தார். கடைக்கார அக்கா அவர் தோளில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது, "நீ வேலைக்குப் போகல?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அக்கா எனக்கும் ஒரு தே கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியதால் சர்க்கரை அளவு அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அவரிடம் இல்லை, என்னிடம்தான் சொன்னார், சத்தமாக. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் படுத்திருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் கேட்டேன்.

"ஃபோனக்கூட வீட்டுல விட்டுட்டு எங்க ப்பா கிளம்புனீங்க?"

"இங்க பக்கத்துல ஒரு கட்டடத்துல பழைய கேம் கடை இருக்குல்ல. அழிச்சத திரும்ப எடுத்துத் தருவாங்கன்னு நினைச்சேன்." பக்கத்திலிருந்த பையைத் தொட்டார். "கேம மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாமாம். ஆனா அம்மா ஆடுனது எதுவும் வராதாம். அது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருந்துச்சாம். ஒம்பது துறையும் போச்சு மா. நான்தான் அமுக்குனேன்."

அவர் அழுது நான் பார்த்தது உன் அடக்கத்தன்று மட்டும்தான். இப்போது பக்கத்துக் கட்டிலில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதார்.

"அம்மா ஜெயிச்சது ஜெயிச்சதுதான் ப்பா. அத யாரும் அழிக்க முடியாது. நாம பார்த்தோம்ல" என்றேன்.

"நீ எங்க பார்த்த?" என்றார். கோபமாகத்தான். "நான்தான் பார்த்தேன்."

"அப்ப எனக்குச் சொல்லுங்க. என்ன பார்த்தீங்க?"

சொன்னார், அம்மா. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் பஞ்சு ஒட்டியிருக்க, உன் ஒன்பதாவது துறையை முழுசாகச் சொன்னார். கேமே துணைக்குத் தந்த வீரர்கள் எல்லாரும் செத்துப்போனதை, உன்னிடம் கொஞ்சம்தான் குண்டு மிஞ்சியதை, நீ தொட்டியிலிருந்து இறங்கமாட்டாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது நீ சட்டென்று இறங்கிக் கப்பல் பலகையை நோக்கி ஓடியதை. கடைசி மாலுமி ஏறும்வரை நீ பலகையில் நின்றாயாம். பின்னால் ஒரு இயந்திரம் வந்ததாம். திரும்பிப் பார்ப்பாளா, பார்க்கமாட்டாளா என்று இவர் பேப்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"திரும்பினா மா. எப்பவும்போலத் திரும்பினா. ஒரே ஒரு குண்டு. அப்புறம் என்னயப் பார்த்து, 'என்னங்க, இன்னும் அதே பக்கத்தையே படிக்கிறீங்க'ன்னா."

அதுவரை நான் தேற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் ஆறுதல் கிடைத்தது.

அன்றைக்கே அவருடன் பாசிர் ரிஸ் வந்துவிட்டேன். இரண்டு வாரம் அங்கேயே இருந்தேன். பிரகாஷ் முகம் சுளிக்கவில்லை, அவரே என் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் மருமகன் நல்லவர்தான், நீ முதலில் சந்தேகப்பட்டாய். ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு அப்பா புதிய கேமைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நிறுத்தினார்.

"அம்மாவா இருந்தா இத என்ன பண்ணியிருப்பா?"

"ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டிருப்பாங்க. கம்பெனிக்காரனத் திட்டி ஒரு மெயிலும் போட்டிருப்பாங்க."

அவர் சிரித்தார். வாய்விட்டு. நீ போன பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். கேமைத் தானே அழித்தார். இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டு அழித்தார். பழையதை மறுபடி இறக்கியிருக்கிறோம், முதல் துறையிலிருந்து. சனிக்கிழமைகளில் நான் போய் ஆடுகிறேன். எனக்குக் கை வரவில்லை, முதல் துறையையே இன்னும் தாண்டவில்லை. அப்பா பார்க்கிறார். பேப்பர் எடுப்பதில்லை.

ஆனால் என் பயம் போகவில்லை, அம்மா. டாக்டர் அப்பாவின் கையில் ஒரு சின்ன வட்டமான கருவியை ஒட்டியிருக்கிறார். அவர் சர்க்கரை அளவு என் ஃபோனில் தெரிகிறது. பக்கத்தில் ஓர் அம்பு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். வேலையிடக் கூட்டங்களில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன். ரயிலில் பார்க்கிறேன். சமைக்கும்போது பார்க்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நடுவிலும் பல தடவை பார்த்துவிட்டேன். இப்போது அம்பு நேராக இருக்கிறது. நேராக இருந்தால் ஏன் நேராக இருக்கிறது என்று கவலை. இது எப்போது நிற்கும்? உனக்கும் எங்களைப் பற்றி இப்படித்தான் இருந்ததா, வெளியே காட்டாமல் இருந்தாயா?

மூன்றாம் பாகம் வரக்கூடும் என்று பேச்சு அடிபடுகிறது. அப்பாவிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். "அதையும் கெடுத்துத்தான் தொலைப்பானுங்க" என்று ஆரம்பித்தார். தட்டில் மிச்சமிருந்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "எப்ப வருதாம்?" என்று கேட்டார். இன்னும் சில வருஷமாவது ஆகும் என்றேன். "அப்ப ஒடம்பப் பாத்துக்கணும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய வாக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உன்னிடம் பொய்யாகிவிடுமோ என்று பயம். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். அவர் ஃபோனை எடுக்காவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். வேலை இருக்கட்டும், மழை இருக்கட்டும், தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்துவிடுவேன். போன வாரமும் அப்படித்தான் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினேன். தலையில் ஷாம்பு நுரையோடு திறந்தார். "குளிக்கக்கூட விடமாட்டியா மா?" என்றார்.

விடமாட்டேன் அம்மா. தட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் சேவியர் வீட்டுக் கதவுக்கு வெளியே மூச்சு வாங்க நிற்கும் உன் ஒரே மகள்,
ஸ்டெல்லா